கார்த்திகை மழையும் ஆறு டியூப்லைட்டும்

2024 நவம்பர் 20-ஆம் தேதியை எங்கள் பக்கத்தில் யாரும் சுலபத்தில் மறக்க மாட்டார்கள். ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று கரை நெடுகத் தண்ணீர். வேதாளையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அன்றைக்குப் பதினோரு குழித்தட்டுகள் இருந்தன. தட்டுக்கு 98 குழி. தக்காளி, கத்தரி, மிளகாய் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாற்றுகள், இரண்டு இலை விட்டு மூன்றாவதற்குக் காத்திருந்த பருவம். மேலே கட்டியிருந்த பச்சை நிழல்வலை மழையைத் தடுக்கவில்லை. சிறு சொட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கி இறக்கியது. மழை விட்டபிறகு ஏறிப் பார்த்தேன். குழிகளில் இருந்த தென்னைநார்க் கழிவெல்லாம் கரைந்து வெளியேறி, மாடி மூலையில் தண்ணீர் போகும் குழாய் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதற்குள் விரல் விட்டுத் துழாவினால் நூல்நூலாக வெள்ளை வேர்கள். அத்தை என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "விடு தாயி, வெதை இருக்குல்ல" என்றார். விதை இருந்தது. பருவம்தான் இல்லை.

எங்கள் கரையில் வீட்டுத் தோட்டம் போட ஏற்ற காலம் தை பிறந்து பங்குனி முடிய. மழை நின்றிருக்கும், மண்ணின் உப்பை மழைநீர் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கும், வெயில் இன்னும் முறுகியிருக்காது. சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று எழுந்துவிட்டால் மணலும் உப்புமாக இலையைக் கருக்கும். தையில் நடவேண்டும் என்றால் கார்த்திகையில் விதைக்க வேண்டும். கார்த்திகையிலோ மழையும் வாடைக்காற்றும். முண்டு மிளகாய் போடும் கரிசல்காட்டுச் சம்சாரிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர்கள் புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் நேராகவே விதைத்துவிடுகிறார்கள், நாற்றங்கால் வேலையே பெரும்பாலும் கிடையாது. என்னைப்போல் கடற்கரை மணலில், வீட்டைச் சுற்றி நாலு பாத்தி போடுகிறவர்களுக்குத்தான் நாற்று தேவை. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் லாரியில் வரும் தக்காளியை வாங்கியே பழகிப்போன தெருவில், இருபது வீடாவது தன் கத்தரிக்காயைத் தானே பறிக்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதற்காகத்தான் வருஷா வருஷம் நாற்று வளர்த்துக் கொடுத்துவருகிறேன். அந்த நாற்றை மழைக்காலத்தில் அறைக்குள் விளக்கடியில் வளர்க்கப் பழகிய கதை இது.

அந்த மழைக்கு மறுவாரம் மறுபடி விதைத்தேன். இந்தத் தடவை மாடி வேண்டாம் என்று வீட்டின் நடு அறையில் வைத்தேன். பழைய வீடு, கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர், தெற்கே ஒரே ஒரு சன்னல். பகலில் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், அரிசி பொறுக்கலாம். நமக்கு அது வெளிச்சமான அறை. ஆறாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொரு நாற்றும் ஊசிநூல்போல ஒரு விரல் நீளம் நீண்டு, சன்னல் பக்கம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தது. பதினைந்தாம் நாள் தன் இலையின் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் படுத்தன.

நம் கண் இந்த விஷயத்தில் நம்பத்தகாத சாட்சி. வெளிச்சம் குறையக் குறைய கண்மணி விரிந்து ஈடுகட்டிவிடும். செடிக்கு அந்த வசதி இல்லை. போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி அளந்து பார்த்தேன். சன்னலை ஒட்டி 1,500 லக்ஸ். மழை விட்டு வெறித்த ஒரு நாள் உச்சிவேளையில் மாடியில் 90,000. அறுபதில் ஒரு பங்கு. அதே மாடியில் மூட்டம் போட்ட நாளில்கூட 15,000 காட்டியது. மழைநாளின் வெட்டவெளி, நம் வீட்டு நடு அறையைவிடப் பத்து மடங்கு வெளிச்சம். இந்த ஒரு கணக்கு புரிந்தபிறகுதான் விளக்கைப் பற்றி யோசிக்கவே எனக்குத் தகுதி வந்தது என்று நினைக்கிறேன்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் மழை படாத, வெளிச்சம் புகும் இடம் இருந்தால், ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போட்ட ஒரு தாழ்வாரம் இருந்தால்கூடப் போதும், விளக்கு வாங்கவே வேண்டாம். இந்தக் கரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடம்தான் பஞ்சம். எனக்கு அப்படியொரு தாழ்வாரம் இல்லை. தகடு போட்டாலும் வாடைக்காற்று பிய்த்தெறியும் திசையில் வீடு இருக்கிறது. அதனால் அறை, அறையென்றால் விளக்கு.

அவசரத்தில் நான் முதலில் வாங்கியது ஓர் ஊதா விளக்கு. சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னக் குமிழ்கள் பதித்த சதுரத் தகடு. பெட்டியில் '1000 வாட்' என்று போட்டிருந்தது. பிளக்கில் மாட்டி அளக்கும் மீட்டரை எங்கள் எலக்ட்ரீசியன் தம்பியிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தால் 95 வாட் இழுத்தது. 'அந்தக் கால விளக்கு 1000 வாட் எரிவதற்குச் சமம்' என்று எங்கோ சின்ன எழுத்தில் ஒரு விளக்கம் இருந்தது. இந்த 'சமம்' என்ற சொல்லை எந்த விளக்குப் பெட்டியில் பார்த்தாலும் கீழே வைத்துவிடுங்கள். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, அதில் எவ்வளவு ஒளியாக வெளியே வருகிறது, இந்த இரண்டுக்கும் நேரான பதில் இருக்கவேண்டும்.

ஏமாந்தது பணத்தோடு போகவில்லை. கூரைக் கொக்கியில் மாட்டினேன், தட்டுக்கு மேலே மூன்றடி உயரம். நடுவில் ஒரு வட்டம் மட்டும் நன்றாக வளர்ந்தது. ஓரத்து நாற்றுகளெல்லாம் சன்னலை விட்டுவிட்டு இப்போது நடுவைப் பார்த்துச் சாய்ந்தன. சரி, கிட்டே கொண்டுவருவோம் என்று ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினேன். மூன்றாம் நாள் நடுவில் இருந்த மிளகாய் நாற்றுகளின் நுனியிலை வெளுத்தது. அது வெளுத்ததே எனக்கு உடனே தெரியவில்லை. ஊதா வெளிச்சத்தில் பச்சை இலை கருப்பாகத் தெரியும், மஞ்சள் இலையும் மஞ்சளாகத் தெரியாது. அதே வாரம் இலைப்பேன் வந்து மிளகாயின் இலை மேல்நோக்கிச் சுருண்டதையும் நான் நாலு நாள் தாமதமாகத்தான் பார்த்தேன், அதுவும் மின்சாரம் போன ஒரு காலையில் தட்டைச் சன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது. செடி வளர்க்கிறவருக்குச் செடியைப் பார்க்க முடியவேண்டும். வேறெந்தக் காரணமும் இல்லாவிட்டால்கூட இந்தக் காரணத்துக்காகவே நான் வெள்ளை விளக்கைத்தான் சொல்வேன்.

வேறு காரணமும் இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தது எங்கள் தெருவில் பாசி எடுக்கப் போகும் மதினி ஒருவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி எடுப்பவர்கள் அவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொரு கடல்பாசியும் எந்த ஆழத்தில், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) கிடைக்கும் என்று கைரேகைபோலத் தெரியும். ஊதா விளக்கைப் பார்த்துவிட்டு, "இதுல செவப்பு எதுக்கு இம்புட்டு?" என்று கேட்டார். செடிக்குச் சிவப்பும் நீலமும்தான் பிடிக்குமாம் என்று நான் படித்ததைச் சொன்னேன். "கடலுக்குள்ள போனா மொதல்ல மங்குறது செவப்புதான். கொஞ்சம் ஆழத்துக்குப் போனா செவப்புத் துணியே கருத்துத் தெரியும். மரிக்கொழுந்து அங்கதான மொளைக்குது?" என்றார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்குகிறது. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும், நம் கரையில் மிதவையில் கட்டி வளர்க்கிற கப்பாபைகஸும் சிவப்புப்பாசி இனம். ஆழத்தில் மிஞ்சி வருகிற பச்சை, நீல ஒளியைப் பிடிக்கத் தனியாக ஒரு நிறமியை வைத்திருக்கின்றன. அந்த நிறமிதான் அவற்றுக்குச் செம்மை தருகிறது. கிடைக்கிற ஒளிக்கு ஏற்ப உயிர் தன்னை ஆக்கிக்கொள்கிறது. நம் தக்காளியும் கத்தரியும் சூரியனின் எல்லா நிறத்திலும் குளித்து ஆகி வந்தவை. பச்சை இலை பச்சை ஒளியைத் தள்ளிவிடுகிறது என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். ஒரு பங்கைத்தான் தள்ளுகிறது, மீதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. 1972-ல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை எடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அளந்து காட்டினார். சிவப்பில் அதிகம், நீலத்தில் அதற்கடுத்து, பச்சையிலும் குறிப்பிடத்தக்க அளவு. ஒளியின் நிறத்தை அலைநீளத்தால் சொல்வார்கள், நீலப் பக்கத்து 400-லிருந்து சிவப்புப் பக்கத்து 700 நானோமீட்டர் வரை எல்லாமே செடிக்குச் சோறுதான். போதாக்குறைக்குப் பச்சை ஒளி மேலிலையைத் தாண்டிக் கீழிலைக்கும் இறங்குகிறது.

வெள்ளை எல்இடி என்பது உண்மையில் ஒரு நீலக் குமிழ். அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு, நீலத்தில் ஒரு பகுதியை வாங்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றித் தருகிறது. அந்த நீலக் குமிழைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014-ல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். வெள்ளையின் சாயலைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், பெட்டியில் 6500 கே என்று போட்டிருந்தால் நீலம் தூக்கல், 3000 கே என்றால் சிவப்பு தூக்கல். நீலம் தண்டைக் குட்டையாக, கெட்டியாக வைக்கும். நாற்றுக்கு வேண்டியது அதுதான். ஆகவே நம் வீட்டுக் கூடத்தில் எரிகிற அதே 6500 கே நாலடி எல்இடி டியூப்லைட், 20 வாட், சுமார் 2,000 லூமென் வெளிச்சம், நாற்றுக்குத் தாராளமாகப் போதும். காய்க்கும்வரை அறைக்குள்ளேயே வளர்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் 660 நானோமீட்டர் சிவப்பு கலந்த நல்ல தகடு வாங்கவேண்டியிருக்கும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒளி துகள்துகளாக வந்து விழுகிறது. இலை அந்தத் துகள்களை எண்ணித்தான் சோறு சமைக்கிறது. துகள்களைக் கட்டுக்கட்டாக எண்ணும் அளவு மைக்ரோமோல், பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தால் ஒரு மோல். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் துகள் விழுகிறது என்பதுதான் விளக்கை ஒப்பிடச் சரியான அளவு. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. ஆனால் அதற்கென்று விலையுயர்ந்த மீட்டர் வாங்க நம்மால் முடியாது. வெயிலில் அளந்த லக்ஸை 54-ஆல் வகுத்தால் ஏறத்தாழ மைக்ரோமோல் வந்துவிடும். வெள்ளை எல்இடியில் அளந்ததை 70-ஆல் வகுக்கலாம். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது, கண் சரியாகப் பார்க்காத நிறங்களை லக்ஸ் எண்ணாமல் விட்டுவிடும். போனுக்குப் போன் அளவு மாறும் என்பதும் உண்மை. ஆனாலும் தட்டின் இந்த மூலையையும் அந்த மூலையையும் ஒப்பிட ஒரே போன் போதும்.

தக்காளி, மிளகாய் நாற்றுக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் கொடுத்தால் மொத்தம் 10 மோல். 200-ஐ 14-ஆல் பெருக்கி, மறுபடி 0.0036-ஆல் பெருக்கினால் இந்த விடை வரும். நாற்றுப் பருவத்துக்கு 10-லிருந்து 12 மோல் நிறைவான சாப்பாடு. என் நடு அறைச் சன்னல் கொடுத்தது ஒரு மோல். நம் பங்குனிச் சூரியன் வெட்டவெளியில் 40 மோலுக்கு மேல் கொட்டுகிறது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் சட்டம் கட்டினோம். இரும்பு வேண்டாம், இந்தக் காற்றில் ஒரு வருஷம் தாங்காது. சவுக்குக் கம்பில் நாலடிக்கு இரண்டடி. அதில் நாலு குழித்தட்டு அடங்கும். முதலில் நாலு டியூப் கட்டினேன். 120 மைக்ரோமோலைத் தாண்டவில்லை. ஆறாக்கினேன். சமமான இடைவெளி விட்டு, இலையிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், 18 சென்டிமீட்டரில் தொங்கவிட்டுப் போனைத் தட்டின்மேல் மல்லாக்க வைத்து ஒவ்வோர் இடமாக அளந்தேன். என் தலையின் நிழல் விழாமல் குனிந்து பார்க்க வேண்டியிருந்ததால் அத்தை எண்களைச் சுவரில் கரியால் எழுதினார். நடுவில் 15,800. மூலையில் 8,200. கணக்குப் போட்டால் நடுவில் 225, மூலையில் 117. பாதி! மூலையில் நிற்கும் நாற்றுக்கு நாம் பாதிச் சோறுதான் போட்டிருக்கிறோம். அது ஏன் குட்டையாக இல்லை, ஏன் சாய்கிறது என்று அதன்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

காரணம் எளிமையானது. நடுவில் இருக்கும் இலைக்கு இரண்டு பக்கத்து டியூப்பும் ஒளி தரும். ஓரத்து இலைக்கு ஒரு பக்கம்தான். ஆகவே டியூப்களைச் சம இடைவெளியில் கட்டுவது தவறு. ஓரத்து இரண்டை நெருக்கி, 9 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தேன். நடுவில் 12 விட்டேன். டியூப்பின் இரு முனைகளும் எப்போதும் மங்கல்தான். அதனால் தட்டுகளை இரு தலையிலும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். பிறகு சுவர். சட்டத்தை அறை மூலைக்கு நகர்த்தி, இரண்டு பக்கம் சுண்ணாம்புச் சுவரும் மற்ற இரண்டு பக்கம் வெள்ளையடித்த அட்டையுமாக மறைத்தேன். அலுமினியத் தாள் ஒட்டச்சொல்வார்கள். அது கசங்கினால் ஒரு இடத்தில் பளீரென்றும் இன்னோர் இடத்தில் இருட்டாகவும் அடிக்கும். மங்கலான வெள்ளைதான் ஒளியைப் பரவலாகத் திருப்பித் தரும். அந்த வருஷப் பொங்கலுக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கார்த்திகையிலேயே அடித்தோம். மறுபடி அளந்தால் நடுவில் 14,500, மூலையில் 11,800. நடுவிலிருந்து கொஞ்சம் எடுத்து மூலைக்குக் கொடுத்தாயிற்று. கரண்ட் ஒரு வாட்கூடக் கூடவில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். டியூப்புக்கும் டியூப்புக்கும் உள்ள இடைவெளியைவிட, டியூப்புக்கும் இலைக்கும் உள்ள இடைவெளி குறையக்கூடாது. குறைந்தால் தட்டில் கோடுகோடாக வெளிச்சமும் நிழலும் விழும். கூடினால் பக்கவாட்டில் சிந்தி வீணாகும். செடி வளர வளர விளக்கும் ஏறவேண்டும். என் கணவர் வலை கட்டும் நைலான் கயிற்றில், இழுத்தால் ஏறி விட்ட இடத்தில் நிற்கும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொடுத்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு விரல் ஏற்றுகிறேன். வலுவான தகடு விளக்கு வைத்திருப்பவர்கள் இந்த 18 சென்டிமீட்டரைப் பின்பற்றாதீர்கள், நான் வெளுக்கவைத்ததுபோல் வெளுத்துவிடும். 100 வாட் தகட்டுக்கு ஓர் அரைமீட்டரில் தொடங்கி, அளந்து அளந்து இறக்குவதுதான் முறை.

மேலிருந்துதான் ஒளி வரவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். 1947-ல் தொடங்கிய நிறுவனம், 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை பல வருஷம் இங்கிருந்துதான் நடந்தது. கடல்விரால் எனப்படும் கோபியா மீனைக் குஞ்சு பொரிக்கவைத்தது 2010-ல் இங்கேதான். அந்தக் குஞ்சுகளின் முதல் தீனியான ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரிக்குத் தீனி, நுண்பாசி. பொதுவாக இப்படிப்பட்ட குஞ்சு பொரிப்பகங்களில் நுண்பாசிக்கென்று ஒரு குளிர்சாதன அறை இருக்கும். கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக, பச்சையும் பழுப்புமாக, அவற்றுக்குப் பின்னால் டியூப்லைட்டுகள். மேலே அல்ல, பக்கத்தில். பாசி அடர்ந்துவிட்டால் மேலிருந்து வரும் ஒளி சில விரற்கடையிலேயே நின்றுபோகும். பக்கத்திலிருந்து விட்டால் ஒளி கடக்கவேண்டிய தூரம் குடுவையின் அகலம் மட்டும்தான். காற்றுக் குழாய் உள்ளே கலக்கிக்கொண்டே இருப்பதால் எல்லாப் பாசிக்கும் முறை வரும். விளக்கை எங்கே வைப்பது என்று கேட்டால், எதன் நிழல் எதன்மேல் விழுகிறது என்று முதலில் பாருங்கள் என்பேன்.

கரண்ட் செலவு கேட்பார்கள். 120 வாட், 14 மணி நேரம், நாளைக்கு 1.68 யூனிட். தக்காளி நாற்றுக்கு 25 நாள் என்றால் 42 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 210 ரூபாய், 392 நாற்றுக்குப் பகிர்ந்தால் நாற்றுக்கு 54 பைசா. மிளகாய்க்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூடும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். மழைக்காலத்தில் மின்தடை வரும்தான். கவலை வேண்டாம், செடிக்கு நாள் முழுவதற்கும் சேர்த்துத்தான் கணக்கு. இரவில் மூன்று மணி நேரம் போனால் பகலில் மூன்று மணி நேரம் சேர்த்து எரியவிடுவேன். ஆனால் 24 மணி நேரமும் எரியவிட்டுவிடாதீர்கள். தக்காளிக்கு இருட்டும் வேண்டும், இல்லாவிட்டால் இலை மஞ்சளித்துப்போகும். நான் மாலை ஆறு மணிக்குப் போட்டுக் காலை எட்டுக்கு அணைக்கிறேன். அறை சூடு குறைவாக இருக்கும் நேரம் அது. ஒரு சின்ன மின்விசிறியும் ஓடும். காற்றில் அசையும் தண்டு தடிக்கும், ஈரம் தேங்கி நாற்று அழுகுவதும் குறையும்.

இந்தக் கரைக்கே உரிய சத்துரு உப்பு. உப்பு ஜாடியை மழைக்காலத்தில் திறந்தால் கல்லுப்பு கசிந்து ஈரமாக இருக்குமே, அதே வேலைதான் விளக்கிலும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் இருக்கும் மக்னீசிய உப்பு அதற்கும் முன்பே இழுக்கும். எங்கள் ஊரில் விடியற்காலை ஈரம் 75-க்குக் கீழே இருக்கும் நாட்கள் குறைவு. ஆக, விளக்கின்மேல் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒவ்வொரு இரவும் உப்புத்தண்ணீராகி உலோகத்தை அரிக்கிறது. முதல் நாலு மாதத்தில் இரண்டு டியூப் போயின. எலக்ட்ரீசியன் தம்பி முனையைக் கழற்றிக் காட்டினார். பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. "அக்கா, லைட்டு சாகல. கால்தான் அரிச்சிருக்கு" என்றார்.

அதன்பிறகு தண்ணீரும் தூசியும் புகாதபடி மூடிய பேட்டன் வகை டியூப்களுக்கு மாறினேன், ஐபி65 என்று போட்டிருக்கும். விலை கூடத்தான். இந்தக் கரையில் வேறொன்று வாங்காதீர்கள் என்று நிச்சயமாகச் சொல்வேன். இணைப்புகளில் சிலிகான் கிரீஸ் தடவிக்கொடுத்தார் தம்பி. கடல் பார்த்த சன்னலை இப்போது திறப்பதே இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, கரண்டை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்கிறேன். துடைத்த நாளில் போன் செயலியில் சில நூறு லக்ஸ் கூடும், உப்புப் படலம் அவ்வளவு ஒளியைத் தின்றிருக்கிறது. தகடு விளக்கு வைத்திருப்பவர்கள், கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அதன் டிரைவர் பெட்டியை நீண்ட ஒயர் போட்டு அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: தண்ணீர் ஊற்றும் இடத்தில் கரண்ட் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு விளக்கும் கட்டாதீர்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், அதில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலித்தீன் கூரை ஐந்தில் ஒரு பங்கு ஒளியைத் தடுத்தாலும் நம் வெயிலில் 30 மோல் உள்ளே வந்துவிடும். காய்க்கும் தக்காளிக்கே 20-லிருந்து 30 போதும். நெதர்லாந்தில் மார்கழி மாதத்தில் 5 மோல்கூடத் தேறாது, அதனால் அவர்கள் கூரை முழுக்க விளக்கு கட்டுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து இங்கே கட்டினால் பணமும் போகும், சூடும் ஏறும். விளக்குச் சட்டத்தின் நிழல் வேறு செடிமேல் விழும். அந்தப் பணத்தில் கூரையைக் கழுவுங்கள், காற்றோட்டம் வையுங்கள்.

ஆனால் சோறாக இல்லாமல் செய்தியாக ஒளி கொடுப்பது வேறு. சாமந்திக்கு இரவு நீண்டால்தான் மொட்டு. நடு இரவில் கொஞ்சநேரம் மங்கிய விளக்கு போட்டாலே போதும், இரவு முறிந்துவிட்டதென்று அது மொட்டைத் தள்ளிப்போடும். டிராகன் பழம் அதற்கு நேர் எதிர், நீண்ட பகலுக்குப் பூப்பது. வியட்நாமின் பின்துவான் கடற்கரையில் இரவெல்லாம் வயல் முழுக்க பல்பு எரியும், பருவம் தப்பிப் பூக்கவைப்பதற்காக. நம் மாவட்டத்திலும் டிராகன் போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. இரவில் நாலைந்து மணி நேரம், வரிசைக்கு நடுவே, கொடியின் நுனி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்கவிடவேண்டும்.

இந்த வருஷம் மார்கழி கடைசியில் முதல் நாலு தட்டு தயாராயிற்று. பென்சில் தடிமன் இல்லை, ஆனால் ஊதுபத்திக் குச்சியைவிடத் தடித்த தண்டு, ஐந்து இலை. விளக்கடியிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுபோனால் கருகிவிடும். 200 மைக்ரோமோலில் வளர்ந்த இலைக்கு உச்சிவெயிலின் 2,000 தாங்காது. முதல் நாள் காலை ஏழரைக்கு ஒரு மணி நேரம் திண்ணையில். மறுநாள் இரண்டு மணி நேரம். நாலாம் நாள் வேப்பமரத்து நிழலில் பகல் முழுக்க, காற்றும் படவேண்டும் அல்லவா. ஒன்பதாம் நாள் முழு வெயில். அத்தைதான் தூக்கிக்கொண்டு போவதும் வருவதும். ஒரு நாள் மறந்து பதினொரு மணிவரை விட்டுவிட்டார். ஓரத்து நாற்றுகளில் இலை காகிதம்போல் வெளுத்தது. மூன்று நாளில் புது இலை வந்து தேறிக்கொண்டது.

தை இரண்டாம் நாள் பாசி எடுக்கும் மதினி வந்து கத்தரி 20, மிளகாய் 20 வாங்கிப்போனார். தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடியிலிருந்து வேரைப் பார்த்தார். குழியின் துளை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அறையில் இரண்டாம் தொகுதி இப்போது எட்டாம் நாள். இன்று காலை அளந்தேன்: நடுவில் 14,200, வடக்கு மூலையில் 10,900. ஒரு டியூப்பைத் துடைக்க வேண்டும்.